இராசமலர் துடைத்த கதிரை

அரசாங்கம் வாக்குறுதி கொடுப்பதற்கு நான் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நாளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரி அரசாங்கம் தடைசெய்த சாமான். என் சைக்கிள் கடையில் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொழுவி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். மிதிப்பவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கடைசியில், புது அரசாங்கம் நாட்டின் சுகாதார சேவையைத் தலைகீழாக மாற்றப்போகிறது என்று சொன்ன அன்று மிதித்தவன் நான்தான். தலைகீழாகத்தான் மாற்றினார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை.

எங்கள் ஊர் புளியங்குளம் சந்தியிலிருந்து காட்டுப்பக்கமாக உள்ளே போகவேண்டிய ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்தில் காணியில்லாத சனம் வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த இடம். மூன்றாம் யூனிற் என்று கேட்டால்தான் ஆட்கள் வழி காட்டுவார்கள். ஊர் போராளி இயக்கத்தின் கையில் இருந்தது. உத்தியோகத்தரின் சம்பளம் கொழும்பின் கையில் இருந்தது. நோய் வருத்தம் மட்டும் எங்கள் கையில் இருந்தது.

இராசமலர் என் வீட்டுக்குப் பக்கத்து வளவு. கலியாணம் கட்டி அதிக காலம் ஆகவில்லை, புருசன் மலேரியாவில் போய்விட்டான். பிறகு அவளுக்கு எல்லாமே தங்கச்சி விமலேஸ்வரிதான். தங்கச்சிக்குக் கலியாணம் செய்துவைத்தாள், அதே வளவில் ஒரு கொட்டிலும் போட்டுக் கொடுத்தாள். விமலேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் வந்து தங்கவில்லை. இரண்டு முறையும் ஒரே மாதிரித்தான் நடந்தது. முதலில் கால் வீங்கும், பிறகு தலை இடிக்கும், பிறகு வலிப்பு வரும். இரண்டாம் முறை அவளை உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பயணத்தை நினைக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

அப்போது எங்களுக்கு ஒரு டிஸ்பென்சரி இருந்தது. கிடுகுக் கூரை, மண் சுவர், உள்ளே அப்புத்துரை அப்போதிக்கரி. டொக்டர் அல்ல, ஆனால் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஆள். சிவப்புக் கலவை, வெள்ளைக் கலவை, மலேரியாக் குளிசை என்று இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பார். கலவை மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வயல் வேலை கிடக்கும்போது யார் வெயிலில் கியூவில் நிற்பது? விடிய எழும்பிப் போய்ப் போத்தலை விறாந்தையில் வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். போத்தல் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அடுத்தவனின் போத்தலை நகர்த்துகிறவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது.

அந்த அப்புத்துரைதான் விமலேஸ்வரியிடம் சொல்லியிருந்தார்: "பிள்ளை, அடுத்தமுறை கால் வீங்கத் துவங்கினால் உடனை டொக்டரிட்டைக் காட்டவேணும். என்னட்டை வந்து மினைக்கெடக் கூடாது."

புதுத் திட்டம் வந்தது. சின்ன டிஸ்பென்சரிகளை மூடிவிட்டு, பல ஊர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டொக்டர், மருத்துவிச்சிமார், அம்புலன்ஸ், கட்டில் போட்ட வாட்டு. யுத்தநிறுத்தம் இருந்த தை, மாசியில் சீமெந்து லொறிகள் வந்தன. அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஒன்றைச் செய்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. காட்டு ஓரத்தில் வெள்ளையடித்த கட்டடம் எழும்பியது. மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ரிப்பன் வெட்டி, சித்திரை வருசப்பிறப்பு முடிந்ததும் டொக்டர் வந்துவிடுவார் என்று பேசினார். அதே கிழமை டிஸ்பென்சரியை மூடி, அப்புத்துரைக்குப் பென்சன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போன கதைதான். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். சொல்லுகிறவன் சொன்னால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போனது?

ஆஸ்பத்திரிக்கு நியமனம் கிடைத்த ஒரே ஆள் இராசமலர். கூட்டித் துடைக்கும் தொழிலாளி. சந்தோசத்தில் என் கடைக்கு ஓடிவந்தாள்.

"தில்லையண்ணை, எனக்குச் சம்பளம் பெரிசில்லை. டொக்டர் வாற இடத்திலை நான் நிப்பன். தங்கச்சிக்கு ஒண்டெண்டால் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன்."

வருசப்பிறப்பு முடிந்தது. டொக்டர் வரவில்லை, சண்டைதான் வந்தது. பாதை மூடியது. மருந்தெல்லாம் ஆமியின் தடைமுகாமுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசையோடு சரி.

ஆனால் இராசமலர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனாள். சம்பளம் வருகிறது, போகாமல் இருக்கலாமா என்பது அவளுடைய நியாயம். கதவு யன்னலெல்லாம் திறப்பாள், வாட்டுக் கட்டில்களுக்கு விரிப்புப் போடுவாள், டொக்டரின் அறையில் மேசையையும் அவர் இருக்கப்போகிற சுழலும் கதிரையையும் துடைப்பாள். சனத்துக்கும் பழக்கம் விடவில்லை. இன்றைக்கு வந்தாலும் வந்துவிடுவார் என்று விடியப் போத்தலைக் கொண்டுபோய்ப் புது விறாந்தையில் வரிசையில் வைத்தார்கள். மத்தியானம் வரை பார்த்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதிரைக்கு வருத்தம் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கியவர் முத்துலிங்கம். இருமலோடு கிடந்த வயதான கமக்காரன், கோபக்காரன். ஒருநாள் விறாந்தையில் இருந்து இருந்து பொறுமை கெட்டு எழும்பினார்.

"ஆர் இருந்தாலென்ன, இல்லாட்டியென்ன, நான் என்ரை வருத்தத்தைச் சொல்லிப்போட்டுத்தான் போவன்" என்று டொக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பெரிய சத்தம் கேட்டது. அரசாங்கத்துக்கும் திட்டு, டொக்டருக்கும் திட்டு. வெளியே நாங்கள் சிரித்தோம். பிறகு சத்தம் குறைந்தது, முணுமுணுப்பாகியது. சிரித்தவர்கள் காது கொடுத்துக் கேட்டோம், ஒன்றும் விளங்கவில்லை. அவர் வெளியே வந்தபோது முகம் அமைதியாக இருந்தது. ஒருவரோடும் கதைக்காமல் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் இன்னொருவர் போனார். அந்த மாதம் முடியுமுன் எல்லாரும் போனோம். இராசமலர் போத்தல் வரிசையைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவாள். ஒருவர் உள்ளே போவார், கதவு சாத்தப்படும், முணுமுணுப்புக் கேட்கும், கதவு திறக்கும். அடுத்த ஆள் எழும்புவார். விறாந்தையில் ஒருவரும் உரத்துக் கதைப்பதில்லை.

நான் இராசமலரைக் கண்டித்தேன். "என்ன பிள்ளை கூத்து இது?"

"சொல்லிப்போட்டுப் போகட்டுமண்ணை" என்றாள். "மருந்துதான் இல்லை. சொல்லவும் ஒரு இடமில்லாட்டி உதுகள் எங்கை போறது?"

கண்டித்த நானும் போனேன். எனக்கு வயிற்றுக்குத்து. உள்ளே டெற்றோல் மணம், வெள்ளைச் சுவர், மேசைக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்தபடி கதிரை. விசர்வேலை, பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். குத்து எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எழும்பும்போது என் வாய் "ஓம் ஐயா" என்றது. யாருக்குச் சொன்னேன்? வெளியே வெயிலுக்கு வந்து, என் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அன்றிரவு மனைவி கத்தரிக்காய்க் கறி வைத்தாள். நான் தட்டை ஒதுக்கினேன். கத்தரிக்காய் கூடாதாம் என்று சொன்னேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. ஏனென்றால் அவளுக்கும் உள்ளே அதைத்தான் சொல்லியிருந்தார்களாம்.

மாரி மழை தொடங்க முத்துலிங்கம் செத்துப்போனார். செத்தவீட்டில் அவருடைய மகள் ஒப்பாரிக்கு நடுவே வந்தவர்களிடம் சொன்னாள்: "ஒரு குறையும் வைக்கேல்லை. கடைசிவரைக்கும் டொக்டரிட்டை வடிவாய்க் காட்டித்தான் வைச்சிருந்தனாங்கள்." எல்லாரும் தலையாட்டினார்கள். இராசமலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பயந்துபோயிருந்தாள், நானும்தான்.

கடைசியாக வந்த அன்று முத்துலிங்கம் எடுக்காமல் விட்டுப்போன போத்தல் விறாந்தையிலேயே நின்றது. செத்தவரின் போத்தலை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மற்றவர்கள் அதற்குப் பின்னால் தங்கள் போத்தலை வைத்தார்கள். அதன் முறை வரும்போது இராசமலர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போவாள், ஆனால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். ஒரு ஆள் வருத்தம் சொல்லி முடிக்கிற நேரம் அறை வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் எழும்புவார்.

விமலேஸ்வரி அப்போது மூன்றாம் முறை வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவளும் கிழமைக்கு ஒருமுறை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். தமக்கைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஊர் முழுக்கத் தன் கையால் உள்ளே அனுப்பியவள், தங்கச்சியை மட்டும் என்ன சொல்லி மறிப்பது?

தொண்ணூற்றாறு தையில், வெள்ளைக்கொடி கட்டிய வாகனத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் ஆஸ்பத்திரி பார்க்க வருகிறார்கள் என்று அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து செய்தி வந்தது. ஊர் கூடியது. ஆள் வராத ஆஸ்பத்திரி என்று கண்டால் மூடிவிடுவார்கள், ஆள் நிறைந்திருந்தால்தான் டொக்டரை அனுப்புவார்கள் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். நாங்களே வெட்டி விழுந்த கிடங்கு இது, வேறு யாரும் வெட்டவில்லை. கட்டில்கள் நிறைய ஆட்களைப் படுக்க வைத்தோம். வெறும் சேலைன் போத்தல்களைக் கட்டித் தொங்கவிட்டோம். விறாந்தையில் ஒருநாளும் இல்லாத அளவுக்குச் சனம்.

வந்தவர் வெள்ளைச் சேட்டுப் போட்ட, மரியாதையான மனிதர். கூட வந்த கச்சேரி உத்தியோகத்தர் மொழிபெயர்த்தார். வாட்டைப் பார்த்தார், திருப்திப்பட்டார். டொக்டரின் அறைக்கு முன்னால் வந்து நின்று, டொக்டரைச் சந்திக்கலாமா என்று கேட்டார்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே விமலேஸ்வரியின் குரல் மெல்லக் கேட்டது. ஒரு முணுமுணுப்பு, கொஞ்சம் மௌனம், பிறகு "ஓம் ஐயா" என்ற குரல். விறாந்தையில் இருந்த ஒரு கிழவி, கள்ளமில்லாமல், "உள்ளை டொக்டர் ஆள் பாக்கிறார், கொஞ்சம் பொறுங்கோ" என்றா. வந்தவர் கையெடுத்து, வேண்டாம், நோயாளியைக் குழப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இராசமலர் சொல்ல வாயெடுத்ததை நான் கண்டேன். உள்ளே இருப்பது தங்கச்சி. வெறுங்கதிரையோடு கதைக்கிறாள் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? வாகனம் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

இரண்டு கிழமை கழித்து ரேடியோ சொன்னது: சுகாதார மறுசீரமைப்பு வன்னியிலும் வெற்றி, எல்லையோரக் கிராமம் ஒன்றில் புதிய வைத்தியசாலை நோயாளிகளால் நிரம்பி வழிகிறது, வைத்தியர் ஓய்வில்லாமல் பணி செய்கிறார். நான் மிதிப்பதை நிறுத்தினேன். வாசித்தவரின் குரல் இழுபட்டு அடங்கியது. கடையில் இருந்தவர்கள் சந்தோசப்பட்டார்கள். எங்களுடைய ஊரை ரேடியோவில் சொல்கிறார்கள், டொக்டர் ஓய்வில்லாமல் வேலை செய்கிறாராம், பாவம் என்று ஒருவர் சொன்னார். அவர் பகிடி விடவில்லை. எனக்கு அரசாங்கத்தின் மேல் வந்த கோபத்தைவிட எங்கள் சனத்தின் மேல் வந்த பயம்தான் பெரிது.

இராசமலர் வாசலில் நின்றாள். "அண்ணை, இனி ஒருத்தரும் வரப்போறேல்லை" என்றாள். "அவையின்ரை கணக்கிலை இஞ்சை டொக்டர் இருக்கிறார்."

அந்தக் கிழமை விமலேஸ்வரியின் கால் வீங்கத் தொடங்கியது. வடக்கே கிளிநொச்சிப் பக்கம் டொக்டர்மார் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உழவு இயந்திரத்தில் அரைநாள் பயணம். மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டம், ஆனாலும் தேடலாம். இராசமலர் தேடினாள். விமலேஸ்வரிதான் மறுத்தாள்.

"ஏனக்கா அந்தப் பாதையாலை என்னைக் கொண்டுபோறாய்? போனமுறை பாதையிலைதான் பிள்ளை போனது. நான் இஞ்சை காட்டிக்கொண்டுதானே இருக்கிறன்."

"ஆரிட்டைக் காட்டுறாய்?"

"உப்பைக் குறைக்கச் சொன்னவர்" என்றாள் விமலேஸ்வரி. "குறைச்சுப்போட்டன்."

இராசமலர் அடுத்த நாள் டொக்டரின் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் கதவைத் திறக்கும்போது அது மேசைப்பக்கம் திரும்பியிருந்தது என்று என்னிடம் சத்தியம் பண்ணினாள். பூட்டின் திறப்பு அவளிடம் மட்டும்தான் இருந்தது. யன்னலால் காற்று அடித்திருக்கும் என்று நான் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

பிறகு கதிரையைத் தூக்கிக் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டினாள். சனம் வெறும் மேசைக்கு வருத்தம் சொன்னது. அறையையே பூட்டினாள். சனம் ஒவ்வொருவராக வந்து கதவோடு முகத்தை வைத்துச் சொன்னது. விமலேஸ்வரியும் வீங்கிய காலோடு வந்து, கதவில் கையை ஊன்றி நின்று, தலையிடியைப் பற்றிச் சொன்னாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றும் சொன்னாள். பிறகு காதைக் கதவில் வைத்துக் கேட்டாள்.

அதைக் கண்டபிறகு இராசமலர் வீட்டுக்குப் போய் ஒரு பழைய வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு வந்தாள். புருசன் செத்த நாளிலும் அவள் வெள்ளை உடுத்ததை நாங்கள் கண்டதில்லை. விறாந்தையின் நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்கோ" என்றாள். "டொக்டர் மோசம் போட்டார்."

எங்கள் பக்கத்தில் சாவை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வது. எந்த டொக்டர் என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் அன்றைக்குச் சந்தோசப்பட்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்தக் கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

"எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எடுத்தாச்சு" என்றாள் இராசமலர். "கொழும்பிலையே எடுத்துப்போட்டினமாம்."

சனம் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குப் போனது. தூரத்துச் சொந்தம் செத்த செய்தி வந்தால் கேட்டவுடன் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோயவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொந்தத்துக்கு மட்டும்தான் தோய்வது. அன்று பகல் முழுக்க யூனிற்றில் எல்லாக் கிணற்றடியிலும் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கடையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நானும் எழும்பிப் போய்த் தோய்ந்தேன். ஏன் தோய்ந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

விமலேஸ்வரி தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப இனி நான் ஆரிட்டைக்கா சொல்லுறது?"

"வேறை டொக்டர் இருக்கிறார். வா போவம்."

தோயாமல் ஏறமாட்டேன் என்று நின்றாள். இராசமலர் அவளைக் கிணற்றடியில் ஒரு பலகையில் இருத்தி, தானே வார்த்துவிட்டாள். ஈரத்தலையோடு உழவு இயந்திரப் பெட்டியில், வைக்கோலுக்கு மேல் படுக்கவைத்தோம். பாதையில் இரண்டு இடத்தில் பெட்டி புதைந்தது; அவளுடைய புருசனும் நானும் இறங்கித் தள்ளினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிட்டப் போகும்போது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை, உரித்துவைத்த மாதிரித் தகப்பன். இராசமலர் அதைக் கையில் வாங்கிச் சீலைத் தலைப்பால் மூடி, கனநேரம் வைத்திருந்தாள். கால் வீங்கத் தொடங்கினவுடன் கொண்டுவந்திருந்தால் இரண்டு உயிரும் தப்பியிருக்கும் என்று அங்கே ஒரு நேர்ஸ் என்னிடம் சொன்னா. நான் அதை இராசமலருக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாததல்ல.

இரண்டாம் நாள் விமலேஸ்வரிக்கு நினைவு தெளிந்தது. டொக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நித்திரையில்லாத, இளவயதுப் பெடியன். அலுப்பும் ஆத்திரமும் அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளை இப்படியே பறிகொடுத்தவள், கால் வீங்கியவுடன் வந்திருக்க வேண்டாமா?

"ஏனம்மா முதலே ஒரு டொக்டரிட்டைக் காட்டேல்லை?" என்று கேட்டார்.

"காட்டினனான் ஐயா" என்றாள் விமலேஸ்வரி. "கிழமைக்குக் கிழமை காட்டினனான். நல்ல மனுசன், எல்லாத்தையும் பொறுமையாய்க் கேப்பார்."

"எந்த டொக்டர்? என்ன பேர்?"

விமலேஸ்வரி யோசித்தாள். பெயர் தெரியவில்லை. கேட்டு வைக்காமல் போனோமே என்ற கவலையோடு தமக்கையைப் பார்த்தாள். இராசமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர் மோசம் போட்டார் ஐயா" என்றாள் விமலேஸ்வரி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். பிள்ளை இல்லையென்று கேட்டபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.